பார்த்துப் படித்த சாதி



1961இல் அமெரிக்க உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா ஒரு சோதனை நடத்தினார். பெரியவர் பொம்மையை அடிப்பதைப் பார்த்த குழந்தைகள், யாரும் சொல்லாமலேயே அதேபோல் அடித்தார்கள். சாதியையும் நம் சமூகம் இப்படித்தான் படிக்கிறது. அப்பா தோள்துண்டை இறக்குவதைப் பிள்ளை பார்க்கிறது. அதன் முதுகும் வளைகிறது. எசமான் வீட்டுப் பிள்ளை திண்ணையிலிருந்து அதிகாரம் படிக்கிறது.

நாம் கூடியிருக்கும் இந்த வடசேரி அன்று திருவிதாங்கூர். நாடார் பெண்கள் மார்பை மறைக்கலாம் என்ற 1859ஆம் ஆண்டு அரசாணை, மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்றும் சொன்னது. பார்த்துச் செய்வதற்குத்தான் தடை.

அந்தத் தடையை உடைத்தவர் அய்யன்காளி. 1893இல் வெள்ளை வேட்டியும் தலைப்பாகையுமாக, புலையருக்கு மறுக்கப்பட்ட பொதுச்சாலையில் வில்வண்டியில் போனார். பார்த்த இளைஞர்கள் பிறகு அவரோடு பாலராமபுரத்தில் நடந்தார்கள்; அடிபட்டார்கள்; நடை நிற்கவில்லை.

மனம் மாறினால் போதும் என்பவர்களிடம் கேட்போம்: சாலை அடைபட்டிருக்கும்போது மனம் எதைப் பார்த்து மாறும்?

படித்ததை மாற்றிப் படிக்க முடியும். பொதுவெளியில் நிமிர்ந்து நடக்கும் நாம், வீட்டில் பெண்களிடம் எப்படிப் பேசுகிறோம்? அதையும் நம் பிள்ளைகள் பார்க்கிறார்கள்.

ஜெய்பீம்.