ஏழு நாய்களும் ஒரு நடுகல்லும்



சவ்வாது மலையின் வரலாற்றைப் பாட விழையும் கவிஞர் சிலர் நம்மிடையே உள்ளனர். பின்புலம் தேடி அவர்கள் முதலிற் புரட்டுவன அகராதியும் கலைக்களஞ்சியமும் மாவட்டக் கையேடுமே. அது தக்க தொடக்கம்தான். மலைபடுகடாம் போற்றும் நன்னன் செங்கண்மாவுக்கு, அதாவது இம்மலைக்குத் தெற்கேயுள்ள செங்கத்துக்கு உரியவன். பெண்கொலை புரிந்த நன்னனோ கொண்கானத்தவன் என்பர் ஆய்வாளர். பெயர் ஒன்றாயிருப்பதால் அப்பழியை நம் நன்னன்மேல் ஏற்றிய கவிதைகளை நான் படித்ததுண்டு. நூலகத்தில் கால் நாழிகை செலவிட்டிருந்தால் அவன் தப்பியிருப்பான்.

ஆனால் அந்நூல்கள் வாயில்களே; வீடு அல்ல. எட்கர் தர்ஸ்டன், க. ரங்காச்சாரியின் துணையுடன் 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட 'தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்' என்னும் நூலில், இம்மலைவாழ் மலையாளிகளின் தோற்றம் பற்றிய கதை ஒன்று உண்டு. சக ஆண்டு 1055இல், அதாவது கி.பி. 1132இல், கங்குந்தி வேடர்கள் காஞ்சி வேளாளர் மகளிர் எழுவரைக் கவர்ந்து சென்றனராம். மீட்கப் புறப்பட்ட ஆடவர் எழுவர், "எம் நாய்கள் தனித்துத் திரும்பினால் எம்மை இறந்தோராகக் கொண்டு ஈமக்கடன் செய்க" எனச் சொல்லிச் சென்றனர். பாலாற்று வெள்ளத்தில் பாதி நீந்திய ஏழு நாய்களும் திரும்பிவிட்டன. வேடரை வென்று மீண்டவர்களுக்கு வீட்டில் இடமில்லை. மனைவியர் கைம்மை பூண்டிருந்தனர். அவர்கள் வேடர் மகளிரை மணந்து மலையேறினர்.

எத்துணை அழகிய கதை! ஆயினும் 1132 என்னும் ஆண்டு எங்கிருந்து வந்தது? கதையிலிருந்தே வந்தது. தர்ஸ்டனுக்கு இதனை அளித்தவர், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வடஆர்க்காடு மாவட்டக் கையேட்டைத் திருத்திய எச். ஏ. ஸ்டூவர்ட். அவருக்குப் பின்னர் எழுதியோர் தர்ஸ்டனை எடுத்தாண்டால், நூல் மூன்றாகும்; சான்று ஒன்றே. சேலத்து மலையாளிகளிடமோ காஞ்சியிலிருந்து வந்த அண்ணன் தம்பியர் மூவரைப் பற்றிய வேறு கதை வழங்குகிறது. அதுவும் அதே தொகுப்பில் உள்ளது.

இனி ஒரு கல். செங்கம் பகுதியில் எடுத்தனூரில் கிடைத்த நடுகல், மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. இறந்த வீரனோடு கோவிவன் என்னும் அவனது நாயையும் பெயர் சுட்டிப் போற்றுவது. தொல்லியல் துறை 1972இல் வெளியிட்ட 'செங்கம் நடுகற்கள்' தொகுதியில் இதனைக் காணலாம். கதையின் நாய்கள் திரும்பின; கல்லின் நாய் கள்வரை எதிர்த்து நின்றது. இரண்டையும் கவிஞர் இணைக்கலாம். எனக்கும் அந்த ஆசை உண்டு. ஆய்வாளர் இணைக்கலாகாது. இடையே ஐந்து நூற்றாண்டுகள் கிடக்கின்றன. கல், நிகழ்ச்சியை அடுத்து வெட்டப்பட்டது. கதை, சொல்லிச் சொல்லி வளர்ந்தது.

இது வெறும் புலமை வழக்கன்று. இம்மக்கள் அரசின் பழங்குடிப் பட்டியலில் உள்ளவர்கள். "1132இல் காஞ்சியிலிருந்து வந்த வேளாளர்" என்று நாம் வரலாறாகவே எழுதிவிட்டால், "அப்படியாயின் நீங்கள் எப்படிப் பழங்குடி?" என்று நாளை யாரேனும் நம் வரியையே காட்டி அவர்களைக் கேட்கக்கூடும். மரபுக்கதை என்று ஒரு சொல் சேர்த்தெழுத நமக்கு என்ன குறைந்துவிடும்?

அக்கதையை மலையாளிகள் சிற்றேடு ஒன்றில் பாதுகாத்து வந்தனர் என்றும் அப்பழைய பதிவு கூறுகிறது. மலையூர்களிலிருந்து வந்துள்ள உறுப்பினர்கள் தத்தம் வீட்டு முதியோரிடம் அந்த ஓலையைப் பற்றிக் கேட்டுச் சொன்னால் பெரிதும் மகிழ்வேன்.