அறைக்குள் தொலையும் பேஸ்

நல்ல விலை கொடுத்து வாங்கிய ஸ்பீக்கரில் பேஸ் போதவில்லை என்றால், பழி ஸ்பீக்கர் மேல் விழுகிறது. பெரும்பாலும் காரணம் அறைதான். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் ஓடுகிறது. பேஸ் கிட்டாரின் தடித்த தந்தி எழுப்பும் ஒலி சுமார் 41 ஹெர்ட்ஸ். அதன் அலைநீளம் எட்டு மீட்டருக்கு மேல். அறையின் நீளம் அதில் பாதி, அதாவது 4.2 மீட்டர் என்று வையுங்கள். போகும் அலையும் சுவரில் மோதித் திரும்பும் அலையும் சேர்ந்து, நகராமல் நிற்கும் ஓர் அலை உருவாகிவிடும். சுவரோரம் அந்தச் சுரம் முழங்கும். நடுவில் நாற்காலி போட்டவருக்கு ஏறக்குறைய கேட்கவே கேட்காது. ஸ்பீக்கர் என்னவோ ஒழுங்காகத்தான் பாடுகிறது.

ஈக்வலைசரில் கூட்டிவிட்டால் ஆகாதா? முழக்கத்தைக் குறைக்க அது உதவும். நடுவில் ஒலி அழியும் பள்ளத்தை நிரப்பாது, ஏனென்றால் கூட்டும் அளவுக்கு எதிரே வந்து அழிக்கும் அலையும் கூடும். சுவரில் ஒட்டும் மெல்லிய ஸ்பாஞ்ச் கைதட்டலின் எதிரொலியை அடக்கும், எட்டு மீட்டர் அலையை ஒன்றும் செய்யாது. காசில்லாத வழி ஒன்று உண்டு, பார்க்கக் கொஞ்சம் வேடிக்கையாக இருக்கும். பேஸுக்கென்றே உள்ள ஸ்பீக்கரான சப்வூஃபரை நீங்கள் உட்காரும் இடத்தில் வைத்துப் பாட்டை ஓடவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து கேளுங்கள். ஒலிக்கும் இடமும் கேட்கும் இடமும் மாறினாலும் விளைவு ஒன்றே. பேஸ் எங்கே சீராகக் கேட்கிறதோ, சப்வூஃபரை அங்கே வையுங்கள்.