பெண்டிர் உள்ளமும் இயக்குநீர்களும்

(ஊரிகம், ஆண்டு விழாச் சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதே வழக்கம். இன்று நான் உடலையும் உள்ளத்தையும் பற்றிச் சில சொல்ல விழைகின்றேன். காய்ச்சல் வந்தால் வெளிப்படையாகச் சொல்லும் நம் இல்லங்களில், உள்ளத்து நோயைப் பெண்கள் மறைத்தே வைக்கின்றனர். அம்மறைவால் விளையும் கேடு பெரிது.

ஊரிகத்தார்க்கு அச்சத்தை விளக்க வேறு எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் சென்றது. அழுத்தம் தாங்காது கீழே பாறை வெடித்தபோது மேலே வீடுகள் அதிர்ந்தன. கணவனைச் சுரங்கத்திற்கு அனுப்பிவிட்டு அடுப்படியில் நின்ற தாயின் உடலில் அந்நொடியில் நிகழ்ந்தது யாது?

நரம்பு வழியே செய்தி விரைந்தது. சிறுநீரகங்களின் மேல் அமைந்த அட்ரீனல் சுரப்பிகள் அட்ரீனலினைச் சுரந்தன, நெஞ்சு படபடத்தது. அடுத்து மூளையிலுள்ள ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரியைத் தூண்ட, பிட்யூட்டரி அட்ரீனலைத் தூண்ட, கார்ட்டிசால் குருதியில் கலந்தது. உடலின் சேமிப்பிலிருந்து சர்க்கரையை வெளிக்கொணர்ந்து இடரைத் தாங்கச் செய்வது அதன் பணி. போதிய அளவு சுரந்ததும், அக்கார்ட்டிசாலே மூளைக்குச் செய்தி தந்து தன் சுரப்பை அடக்கிக்கொள்ளும். இத்தகைய நீர்களுக்கு 1905இல் ‘ஹார்மோன்’ எனப் பெயரிட்டவர் ஆங்கில அறிஞர் ஸ்டார்லிங். நாம் இயக்குநீர் என்கிறோம்.

இடர் வந்து நீங்கினால் தீங்கில்லை. நீங்காத கவலையோ உடலையே அரிக்கும். 1936இல் ஹான்ஸ் செலி என்பார் எலிகளிடம் செய்த ஆய்வு இவ்வுண்மைக்கு வழிகாட்டியது.

2001 பிப்ரவரி 28இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. அன்று சங்கொலி நம் நாளை அளந்தது. இன்று பெங்களூர் இரயில் அளக்கின்றது. விடியுமுன் எழுந்து, உலை வைத்து, இரயிலேறி, இரவில் திரும்பும் மகளிர் பலர். கார்ட்டிசால் காலையில் உயர்ந்து நள்ளிரவில் தாழ்வது இயல்பு. உறக்கம் குறையக் குறைய இவ்வொழுங்கு குலைகின்றது, மனம் சோர்கின்றது.

இவற்றுடன் பெண்ணுடலுக்கே உரிய மாறுதல்களும் உள. மனச்சோர்வு நோய் ஆடவரைவிடப் பெண்டிரிடம் ஏறத்தாழ இருமடங்கு காணப்படுகின்றது. பருவமெய்துமுன் இவ்வேற்றுமை பெரிதும் இல்லை. மாதவிலக்குக்கு முன்னும், மாதவிடாய் நிற்கும் காலத்தும் ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோனும் ஏறி இறங்குகின்றன. மகப்பேற்றின் பின்னரோ அவை சில நாள்களுள் செங்குத்தாக வீழ்கின்றன. அவ்வீழ்ச்சியைச் சிலர் உடல் எளிதில் தாங்கும். சிலர் உடல் தாங்காது. அஃது அவர்தம் குற்றமன்று. தைராய்டுச் சுரப்புக் குறைவும் மனச்சோர்வு போலவே தோன்றும். குருதிச் சோதனை ஒன்றே அதனைக் காட்டிவிடும்.

பிள்ளை பெற்றவள் முதற்சில நாள் காரணமின்றி அழுதால் அஃது ஆறிவிடும். இரண்டு வாரம் கடந்தும் துயரம் நீங்காவிடின் மருத்துவரை நாடல் வேண்டும். உறக்கமின்றி, இல்லாத குரல் கேட்பதாகச் சொன்னால் அன்றே நாடல் வேண்டும். இதனைப் ‘பேய்’ என்பாரும், ‘திமிர்’ என்பாரும் நம்மிடை உளர். அச்சொற்கள் உயிரை வாங்கும் என்பதை மறவாதீர்.

மற்றொன்றும் கூறுவேன். ‘எல்லாம் ஹார்மோன் செய்யும் வேலை’ என்று கைகழுவுவதும் தவறு. குடிகார வீட்டிலும், தீராக் கடனிலும், ஓயாத உழைப்பிலும் வாடும் பெண்ணின் கார்ட்டிசாலை மருந்து மட்டும் அடக்கிவிடுமா? இயக்குநீர் வீணை நரம்பு போன்றது. மீட்டும் கை வாழ்க்கையே. நரம்பையும் காண வேண்டும். கையையும் காண வேண்டும்.

உதவி தொலைவில் இல்லை. நம்மவர் நாள்தோறும் சென்று மீளும் பெங்களூரிலேயே நிம்ஹான்ஸ் மருத்துவமனை உள்ளது. தாயும் சேயும் ஒருங்கே தங்கி மருத்துவம் பெறும் பிரிவு அங்கு 2009இல் தொடங்கப்பெற்றது. 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டமும், மருத்துவமனையில் தங்கும் தாயிடமிருந்து மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைப் பொதுவாகப் பிரித்தலாகாது என்கின்றது. குழந்தையைப் பிரிய நேருமோ என்றஞ்சி நோயை மறைக்க வேண்டுவதில்லை. 14416 என்னும் டெலி-மானஸ் எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.

ஆடவர்க்கு ஒரு வேண்டுகோள். சுரங்கத்தில் பாறை வெடிக்குமுன் எழும் சிற்றொலிக்குச் செவி கொடுத்தவர் நம் முன்னோர். வீட்டில் ஒருத்தி பேச்சைக் குறைத்து, உணவைக் குறைத்து, உறக்கம் இழந்திருந்தால், அச்சிற்றொலிக்கும் செவி கொடுங்கள். “உனக்கு என்னம்மா?” என்று அமர்ந்து கேளுங்கள். மருத்துவம் அங்கேதான் தொடங்குகின்றது.