அட்டையின் பின்புறம்



தபால்தலை சேர்ப்போர் உங்களுள் பலர் இருப்பீர்கள். என் இளமையில் தீப்பெட்டிப் படம் சேர்க்காத சிறுவன் எங்கள் தெருவில் இல்லை. இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் அமெரிக்க நாட்டுச் சிறுவர்கள் நூறாண்டுக்கு மேலாகச் சேர்த்துவரும் ஒன்று. அதற்குப் பேஸ்பால் அட்டை என்று பெயர். உள்ளங்கையில் அடங்கும் ஒரு கனத்த காகிதத் துண்டு. முன்புறம் ஓர் ஆட்டக்காரரின் படம். பின்புறம் அவருடைய ஆட்டக் கணக்கு. இவ்வளவுதான். இதைப் பற்றி ஓய்வுபெற்ற தலைமையாசிரியன் ஒருவன் வானொலியில் பேச என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். பிட்ஸ்பர்க் நகரில் வாழும் என் மகளின் வீட்டில் 2019-ஆம் ஆண்டுக் கோடையை நான் கழித்திராவிட்டால், நானும் அவ்வாறே கேட்டிருப்பேன்.

முதலில் ஆட்டத்தைப் பற்றி இரண்டு சொல். பேஸ்பால் நம் கிரிக்கெட்டுக்கு உறவுமுறை உடையது. ஒருவர் பந்தை எறிவார். மற்றொருவர் உருளை வடிவான மட்டையால் அடிப்பார். அடித்தபின் நான்கு முனைகளைச் சுற்றி ஓடிவர வேண்டும். எதிரணியாரின் தவற்றால் அன்றித் தம் அடியின் வலிமையாலேயே முதல் முனையைப் பத்திரமாக எட்டிவிட்டால், அது ஒரு 'ஹிட்' எனக் கணக்கில் ஏறும். பத்துக்கு மூன்று என்ற விகிதத்தில் ஹிட் அடிப்பவர் தேர்ந்த ஆட்டக்காரர். இந்த ஒரு கணக்கை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

இந்த அட்டை பிறந்த இடம் அவ்வளவு போற்றத்தக்கதன்று. 1880-களில் சிகரெட்டுகள் மெல்லிய காகிதப் பொட்டலங்களில் விற்கப்பட்டன. பொட்டலம் நசுங்காமலிருக்க உள்ளே ஓர் அட்டையைச் செருகினர். அந்த அட்டை வெறுமையாக இருப்பானேன் என்று எண்ணிய வியாபாரிகள் அதில் நடிகையர், பறவைகள், பேஸ்பால் ஆட்டக்காரர் எனப் பலவகைப் படங்களை அச்சிட்டனர். புகைப்பவர் சிகரெட்டை எடுத்துக்கொண்டு படத்தை வீசிவிடுவார். சிறுவர்கள் அதைக் கேட்டு வாங்கிக்கொள்வர். ஒரு தலைமுறைச் சிறுவர்களின் பொழுதுபோக்கு புகையிலைக் கடை வாசலில்தான் தொடங்கியது.

1909 முதல் 1911 வரை அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி ஐந்நூறுக்கு மேற்பட்ட அட்டைகள் கொண்ட ஒரு வரிசையை வெளியிட்டது. அவ்வரிசையில் பிட்ஸ்பர்க் அணியின் ஹோனஸ் வாக்னருக்கும் ஓர் அட்டை இருந்தது. சிறுவயதில் நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்துப் பின்னர் நாடறிந்த ஆட்டக்காரராக உயர்ந்தவர் அவர். தம் படத்தை அச்சிடுவதை அவர் தடுத்துவிட்டார். தம் படத்துக்காகப் பிள்ளைகள் புகையிலையை நாடக் கூடாதென்று அவர் கருதினார் என்பர் ஒரு சாரார். உரிய பணம் தரப்படாமையே காரணம் என்பர் மற்றொரு சாரார். அவரும் புகையிலை பயன்படுத்தியவரே; ஆயினும், தாம் செய்வதைப் பிள்ளைகள் செய்ய வேண்டாமென்று விரும்பும் பெரியவர்கள் உலகில் உண்டல்லவா? ஆதலால் முதற்காரணத்தை நான் தள்ளிவிட மாட்டேன். எப்படியாயினும், வெளிப்போந்த சில அட்டைகளே எஞ்சின. அவற்றுள் ஒன்று 2022-ஆம் ஆண்டில் 72 இலட்சத்து 50 ஆயிரம் டாலருக்குக் கைமாறியது.

புகையிலைக்குப் பின் மிட்டாய் வந்தது. அதன்பின் சூயிங்கம் வந்தது. 1933-இல், பெரும் பொருளாதார வீழ்ச்சியின் நடுவே, கௌடி என்னும் கம்பெனி கம்முடன் அட்டைகளை விற்றது. ஒவ்வோர் அட்டைக்கும் எண் உண்டு. 106-ஆம் எண் அட்டையை மட்டும் யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. பிள்ளைகள் அதைத் தேடி மேலும் மேலும் காசைச் செலவிட்டனர். அப்படி ஓர் அட்டையே அச்சிடப்படவில்லை! குறைகூறிக் கடிதங்கள் குவிந்தபின், 1934-இல் நெப்போலியன் லாஜொவே என்ற பழைய ஆட்டக்காரரின் படத்தை அச்சிட்டு, எழுதிக் கேட்டோருக்குத் தபாலில் அனுப்பினர். எழுதிக் கேட்ட பிள்ளைகளை நான் மெச்சுகிறேன். கம்பெனியைப் பற்றி நான் சொல்ல நினைப்பது வானொலிக்கு ஏற்றதன்று.

இந்தப் பழைய வரிசைகளைப் புரட்டும்போது வேறொன்றும் கண்ணில் படும். அத்தனை முகங்களுள் ஒரு கறுப்பினத்தவர் முகத்தையும் காண இயலாது. பெரிய அணிகள் அவர்களைச் சேர்த்துக்கொள்ளாமல் ஏறத்தாழ 60 ஆண்டுகள் ஒதுக்கியே வைத்திருந்தன. 1947 ஏப்ரல் 15 அன்று ஜாக்கி ராபின்சன் புரூக்ளின் அணியில் களமிறங்கினார். அதன் பிறகே அந்த முகங்கள் அட்டைகளில் இடம்பெறலாயின. வரலாற்று நூல் பல பக்கங்களில் விளக்குவதை இந்த அட்டைகள் ஓர் இல்லாமையால் காட்டிவிடுகின்றன.

இன்று நாம் காணும் அட்டைக்கு உருவம் தந்தவர் சை பெர்கர் என்பவர். டாப்ஸ் என்ற புரூக்ளின் கம்பெனியில் பணியாற்றிய அவர், 1952-ஆம் ஆண்டு வரிசையைத் தம் வீட்டுச் சமையலறை மேசைமீது அமர்ந்து வகுத்தார். மொத்தம் 407 அட்டைகள். முன்புறம் வண்ணப்படமும் அணிச் சின்னமும். பின்புறம் ஆட்டக்காரர் பிறந்த ஊர், உயரம், எடை, முந்தைய ஆண்டுக் கணக்கு, அதுவரையிலான மொத்தக் கணக்கு. பிற்காலத்தில் ஆண்டுவாரியாக முழுக் கணக்கும் அச்சாகத் தொடங்கியது. இந்தப் பின்புறம்தான் என்னைக் கவர்ந்தது. தசம பின்னத்தை வகுப்பறையில் கற்பிக்க நான் பட்ட பாட்டை நான் அறிவேன். அங்கே எட்டு வயதுச் சிறுவர்கள் 311-க்கும் 309-க்கும் உள்ள வேற்றுமையைப் பற்றித் தெருவோரத்தில் அமர்ந்து வழக்காடியிருக்கிறார்கள். இயற்கணிதம் அறியாத பிள்ளைகள் சராசரி ஏன் ஏறுகிறது, ஏன் இறங்குகிறது என்பதை விரல்விட்டு விளக்கியிருக்கிறார்கள்.

அந்த 1952 வரிசையின் பிற்பகுதி அட்டைகள் கோடை கழிந்தபின் கடைக்கு வந்தன. பிள்ளைகளின் மனம் அதற்குள் வேறு ஆட்டத்துக்குத் திரும்பிவிட்டது. அட்டைகள் கிடங்கில் தேங்கின. 1960 வாக்கில் அவற்றைப் படகில் ஏற்றிச் சென்று அட்லாண்டிக் கடலில் கொட்டியதாகப் பெர்கரே பின்னாளில் கூறியிருக்கிறார். அப்பகுதியைச் சேர்ந்ததே மிக்கி மேன்டிலின் 311-ஆம் எண் அட்டை. மாசுமறுவற்ற அத்தகைய அட்டை ஒன்று 2022 ஆகஸ்டில் 1 கோடியே 26 இலட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. இவ்வகைச் செய்திகளைக் கேட்டு 1980-களில் மக்கள் அட்டைகளைப் பெட்டி பெட்டியாக வாங்கிப் பூட்டிவைத்தனர். கம்பெனிகளும் கணக்கின்றி அச்சிட்டுத் தள்ளின. முன்பு தாய்மார்கள் குப்பையில் எறிந்ததால் அட்டை அரிதாயிற்று. இப்போது ஒருவரும் எறியாததால் அவற்றுள் பெரும்பாலானவை விலையற்றுப் போயின.

விலையைக் கருதாமல் அட்டை சேர்த்த ஒருவரையும் நீங்கள் அறிந்துகொள்ள வேண்டும். நியூயார்க் மாநிலத்துச் சிராகியூஸ் நகரில் ஜெஃபர்சன் பர்டிக் என்பவர் வாழ்ந்தார். மின்கருவித் தொழிற்சாலையில் உழைத்தவர், மணம் புரியாதவர், மூட்டுவாதத்தால் விரல்கள் முடங்கியவர். வியப்பு என்னவெனில், பேஸ்பாலில் அவருக்குப் பெரிய ஈடுபாடு ஒன்றும் இல்லை. அச்சிட்ட சிறு படங்கள் ஒரு காலத்து மக்களின் வாழ்வைக் காட்டுவன, அவை அழியலாகாது என்பதே அவர் எண்ணம். சிதறிக் கிடந்த அட்டை வரிசைகளுக்கெல்லாம் எழுத்தும் எண்ணும் தந்து ஒரு பட்டியல் வகுத்தார். வாக்னர் அட்டை இடம்பெற்ற வரிசையை உலகம் இன்றும் அவர் இட்ட 'டி-206' என்ற பெயராலேயே அழைக்கிறது. தாம் சேர்த்த மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட துண்டுகளை நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் கலைக்கூடத்துக்கு நன்கொடையாகத் தந்தார். தந்ததோடு நில்லாமல், ஆண்டுக்கணக்கில் அங்கே அமர்ந்து, இயங்க மறுத்த விரல்களால் ஒவ்வொன்றையும் ஏடுகளில் ஒட்டினார். இன்றைய விற்பனையாளர் பசை என்ற சொல்லைக் கேட்டாலே தலையில் கைவைத்துக்கொள்வர். 1963 ஜனவரி 10 அன்று அவ்வேலை முடிந்தது. மறுநாள் மருத்துவமனையில் சேர்ந்தார். இரண்டு மாதத்தில் காலமானார்.

பர்டிக் ஆயிரமாயிரம் முகங்களைச் சேர்த்தார். ஒரே முகத்தை ஆண்டுதோறும் சேர்த்தவர் ஒருவரைப் பிட்ஸ்பர்க்கில் நான் கண்டேன். என் மகளின் எதிர்வீட்டுக்காரர் அவர். எஃகு ஆலையில் உழைத்து ஓய்வுபெற்றவர். ஒருநாள் மாலை ஒரு காலணிப் பெட்டியைத் திறந்து காட்டினார். அதிலிருந்தவை பத்தொன்பது அட்டைகள். 1955 முதல் 1973 வரை, ஆண்டுக்கு ஒன்று. எல்லாம் ராபர்ட்டோ கிளமென்ட்டே என்னும் ஒருவருடையவை.

கிளமென்ட்டே ஸ்பானிய மொழி பேசும் போர்ட்டோ ரிக்கோ தீவில் 1934-இல் பிறந்தவர், கறுப்பினத்தவர். 1955 முதல் 1972 வரை பதினெட்டுப் பருவங்களும் பிட்ஸ்பர்க் அணிக்கே ஆடினார். முதல் அட்டையில் மெலிந்த இளைஞராகக் காட்சி தருகிறார். அந்த அட்டையின் மூலை மடிந்திருந்தது; சைக்கிள் சக்கரக் கம்பியில் செருகிப் படபடவென்று ஒலியெழுப்பியதன் தழும்பு என்று பெரியவர் கூறினார். மடியாத மூலைகள் இருந்தால் அதற்கு எவ்வளவு விலை கிடைக்கும் என்பதையும் அவரே சொன்னார், சொல்லிவிட்டுச் சிரித்தார்.

அட்டைகளை ஆண்டு வரிசையில் மேசைமீது பரப்பியபோது ஒன்றைக் கவனித்தேன். முதலில் 'ராபர்ட்டோ' என்றிருந்த பெயர், 1950-களின் பிற்பகுதியில் 'பாப்' என்று மாறிவிடுகிறது. 1960-களின் இறுதிவரை அவ்வாறே நிற்கிறது. 1970-இல் மீண்டும் 'ராபர்ட்டோ' ஆகிறது. அயலார் நாவுக்கு எளிதாக இருக்கட்டுமென்று யாரோ சுருக்கிய பெயர் அது. தம் பெயர் ராபர்ட்டோ என்று அவர் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். அவர் பேசிய ஆங்கிலத்தை உச்சரிப்பு மாறுபாடுகளோடு அப்படியே அச்சிட்டு நகைத்த பத்திரிகைகளும் அந்நாளில் உண்டு. 1961, 1964, 1965, 1967 ஆகிய ஆண்டுகளில் மட்டைவீச்சுச் சராசரியில் அவரே தம் லீக்கில் முதல்வர். 1966-இல் அந்த லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவருக்கே. அந்த வெற்றிகளெல்லாம் வேறொருவர் பெயர்போலத் தோன்றும் பெயரின் கீழ் அச்சாகியிருக்கின்றன. பள்ளியில் வருகைப் பதிவேட்டைப் படிக்கும்போது நீண்ட பெயரை வெட்டிக் கூப்பிடும் ஆசிரியர்களை நான் கண்டதுண்டு. பிள்ளை 'உள்ளேன் ஐயா' என்று எழுந்து நிற்பான். ஆனால் அவன் முகம் ஒரு கணம் மாறும். பத்தாண்டுக்கு மேலாக ஒவ்வொரு கோடையும் அந்த மாற்றம் கிளமென்ட்டேயின் முகத்தில் தோன்றியிருக்குமோ என்று அப்படங்களை உற்றுப் பார்த்தேன். படங்களில் அவர் நிமிர்ந்தே நிற்கிறார்.

பெரியவரும் தம் பங்குக்கு ஒன்று சொன்னார். எட்டு வயதில் முதல் அட்டையை வாங்கினாராம். ஆலையில் வேலைக்குச் சேர்ந்த பின்னும், ஒவ்வோர் இளவேனிலிலும் மிட்டாய்க் கடைக்குச் சென்று சிறுவர்களோடு நின்று, கிளமென்ட்டே கிடைக்கும்வரை பொட்டலம் வாங்குவாராம். மற்ற அட்டைகளை அங்கேயே பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுவாராம்.

1972 செப்டம்பர் 30 அன்று கிளமென்ட்டே தம் 3000-ஆவது ஹிட்டை அடித்தார். டிசம்பர் 23 அன்று நிகரகுவா நாட்டின் தலைநகரான மனாகுவா நிலநடுக்கத்தால் நொறுங்கியது. அவர் உதவிப் பொருள்களைத் திரட்டி அனுப்பினார். அவை உரியவர்களைச் சென்றடையவில்லை என்று கேள்வியுற்றதும், தாமே உடன்செல்வதாகச் சொல்லி டிசம்பர் 31 இரவு விமானத்தில் ஏறினார். அளவுக்கு மீறிய சுமையோடு கிளம்பிய அவ்விமானம் கடலில் வீழ்ந்தது. அவருடைய உடல் கிடைக்கவேயில்லை. வழக்கமாக ஐந்தாண்டு காத்திருக்க வேண்டிய விதியைத் தளர்த்தி, 1973-இலேயே பேஸ்பால் புகழ்மன்றத்தில் அவரைச் சேர்த்தனர். அவர் அணிந்த எண் 21. பிட்ஸ்பர்க்கில் 2001-இல் திறக்கப்பட்ட ஆட்டத்திடலில், அவர் காத்து நின்ற வலப்புறத்தின் மதில் 21 அடி உயரம் உடையது.

பத்தொன்பதாவது அட்டை அவர் மறைந்தபின் வெளிவந்தது. அதில் அவர் மட்டையோடு நிற்கிறார், பெயர் ராபர்ட்டோ. அவர் அடித்த மொத்த ஹிட்டுகள் 3000. ஒன்று கூடவுமில்லை, குறையவுமில்லை. 1974 இளவேனிலில் என்ன செய்தீர்கள் என்று பெரியவரைக் கேட்டேன். பழக்கத்தால் கடைவரை சென்றதாகவும், சிறுவர்கள் பொட்டலம் பிரிப்பதைச் சற்று நேரம் பார்த்துவிட்டு ஒரு செய்தித்தாள் வாங்கிக்கொண்டு வீடு திரும்பியதாகவும் சொன்னார்.