துடிக்கிற கையும் மரத்துப்போன சுண்டுவிரலும்

இன்றைக்குக் கழுத்து ஆபரேஷன் பற்றிப் பேசப் போகிறேன். சரியாகச் சொன்னால், ஆபரேஷன் நல்லபடியா முடிந்த பிறகு கையில் நடக்கிற விஷயங்களைப் பற்றி. ஆபரேஷன் வரைக்கும் ஊரே பேசும். பண்ணலாமா வேண்டாமா, எவ்வளவு செலவு, எந்த டாக்டர், இன்சூரன்ஸ் வருமா. அதற்கப்புறம் வரும் ஆறு மாதத்தைப் பற்றிப் பேச ஆள் கிடைக்காது. எனக்கு அந்த ஆறு மாதத்தில்தான் இன்னொரு ஆபரேஷன் வரைக்கும் பேச்சு போனது.

முதலில் என் பிரச்சினை என்னன்னு சொல்லிடறேன். கழுத்தில் ஆறாவது எலும்புக்கும் ஏழாவது எலும்புக்கும் நடுவில் இருக்கிற டிஸ்க் பிதுங்கி, இடது பக்கம் சி7 என்கிற நரம்பு வேரை அழுத்திக்கொண்டிருந்தது. தோள்பட்டைக்குப் பின்னால் ஆரம்பித்து, மேல்கையின் பின்பக்கமாக இறங்கி, நடுவிரல் வரைக்கும் வலி. வலியைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். தள்ளுகிற பலம் போய்விட்டதுதான் பயமுறுத்தியது. ஆபீஸ் கண்ணாடிக் கதவை இடது கையால் தள்ளினால் கதவு அப்படியே நிற்கும். கையை நீட்டித் தள்ளுவது மேல்கையின் பின்பக்கம் இருக்கிற டிரைசெப்ஸ் தசை. அதற்கு முக்கியமான சப்ளை சி7. எட்டு வாரம் மாத்திரையும் ஃபிசியோதெரபியும் பார்த்தும் பலம் குறைந்துகொண்டே போனதால் ஆபரேஷன்.

கழுத்து ஆபரேஷன்னு சொன்னதும் பின்பக்கம் கிழிப்பார்கள் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். எனக்கு முன்பக்கம். தொண்டைப் பக்கத்தில் தோல் மடிப்பில் சின்னதாக வெட்டி, மூச்சுக்குழாயையும் உணவுக்குழாயையும் ஒதுக்கிவிட்டு, டிஸ்க்கை எடுத்துவிடுவார்கள். அந்த இடைவெளியில் ஒரு சின்னக் கூண்டு, மேலே தகடு, திருகு. நாளடைவில் ரெண்டு எலும்பும் ஒன்றாகச் சேர்ந்துவிடும். 1950களிலிருந்தே இருக்கிற முறை. கண் விழித்தபோது கைவலி இல்லை. சுத்தமா இல்லை. தொண்டை மட்டும் ரெண்டு வாரத்துக்கு ரசம் சாதத்தையே உள்ளே விட மறுத்தது.

மூணாவது வாரம் துடிப்பு ஆரம்பித்தது. இடது மேல்கையின் பின்பக்கம், தோலுக்கு அடியில் மண்புழு நெளிகிற மாதிரி. வலி கிடையாது. நான் அசைக்காமலேயே அது அசையும். கண்ணாடியில் பார்த்தால் நல்லாவே தெரியும். அம்மாவிடம் காட்டினேன். ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க: "எந்தக் கை?" இடது கை என்றேன். "பொண்ணுங்களுக்கு இடது பக்கம் துடிச்சா நல்லதுடி, போய்த் தூங்கு."

அன்றைக்கு ராத்திரி அம்மா சொன்னதைக் கேட்டிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருக்கலாம். கூகுள் வேறு ஒன்று சொன்னது. தசை துடிக்குதுன்னு தேடினால் ரெண்டு நிமிஷத்துக்குள் ஏ.எல்.எஸ். என்ற இடத்தில் கொண்டுபோய் நிறுத்தும். 2014இல் எல்லாரும் தலையில் ஐஸ் தண்ணி ஊற்றிக்கொண்டார்களே, அந்த நோய். ஸ்டீபன் ஹாக்கிங்குக்கு 21 வயதில் கண்டுபிடித்த நோய். அதற்கப்புறம் எங்கே தூங்குவது?

சரி, துடிப்பு என்றால் என்ன? தண்டுவடத்துக்குள் ஒரு நரம்புச் செல் இருக்கிறது. அதிலிருந்து ஒரு நீளமான இழை கிளம்பி தசைக்குப் போகிறது. போய்ச் சேர்ந்ததும் கிளை பிரிந்து பல தசை நார்களைப் பிடித்துக்கொள்கிறது. அந்த இழை எங்கேயாவது நசுங்கியோ எரிச்சலிலோ இருந்தால், மூளை கேட்காமலேயே தானாக ஒரு சிக்னல் விடும். அது பிடித்திருக்கிற நார்கள் எல்லாம் ஒரே நேரத்தில் சுருங்கும். அதுதான் வெளியே துடிப்பாகத் தெரிகிறது. தூக்கம் கெட்டால், காபி அதிகமானால், ஜிம்மில் தசை களைத்துப் போனால் நல்ல ஆரோக்கியமான ஆளுக்கும் வரும். கண்ணிமை துடிக்காத மனுஷன் உண்டா?

நரம்பு அழுத்தத்திலிருந்து விடுபட்ட பிறகு இன்னொரு வேலையும் நடக்கிறது. எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இது. அழுத்தத்தில் சில இழைகள் செத்துப் போயிருக்கும். அவை பிடித்திருந்த தசை நார்கள் அநாதையாக நிற்கும். பக்கத்தில் உயிரோடு இருக்கிற இழைகள் புதுசாகக் கிளை விட்டு அந்த அநாதை நார்களைத் தத்தெடுத்துக்கொள்ளும். அப்போ ஒரு இழைக்குக் கீழே முன்னைவிட அதிக நார்கள் சேர்ந்துவிடுகின்றன. அது துடித்தால் துடிப்பும் பெரிசாகத் தெரியும். செத்த இழை மறுபடி வளர்வதும் உண்டு, ஆனால் வேகம் ஒரு நாளைக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர்தான். கழுத்திலிருந்து டிரைசெப்ஸ் வரைக்கும் எவ்வளவு தூரம் என்று டேப் வைத்துப் பாருங்கள். அத்தனை நாளும் அது போய்க்கொண்டே இருக்க வேண்டும். "ஆபரேஷன் முடிஞ்சு ஒரு மாசம் ஆச்சே, இன்னும் சரியாகலையா?" என்று கேட்கிற சொந்தக்காரர்களுக்கு இந்தக் கணக்கைச் சொல்லலாம்.

இதோடு முடிந்திருந்தால் இந்த எபிசோடே தேவையில்லை. ஆறாவது வாரம் சுண்டுவிரல் மரத்துப் போனது. அதையொட்டி மோதிர விரலும். ஆபரேஷனுக்கு முன்னால் அந்த ரெண்டு விரலும் நல்லாத்தான் இருந்தன.

போன இடத்தில் புது எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். ஆபரேஷன் பண்ணின இடம் சுத்தமாக இருந்தது. அதற்கு ஒரு படி கீழே டிஸ்க் லேசாகப் பிதுங்கியிருந்தது. கழுத்தில் எலும்பு ஏழு, ஆனால் நரம்பு வேர் எட்டு. அந்த எட்டாவது வேர், சி8, வெளியே வருகிற இடம் அதுதான். சி8 போகிற இடம் சுண்டுவிரல் பக்கம். ஸ்கேனும் விரலும் பொருந்திப் போச்சு இல்லையா? "மரமரப்பு குறையலைன்னா அந்த லெவலையும் பண்ணிடலாம்" என்றார்கள். ஒரு திருகு ஆறுவதற்குள் இன்னொரு திருகு. வீட்டில் அப்பா எஃப்.டி.யை எப்போது உடைக்கலாம் என்று பார்க்க ஆரம்பித்தார்.

அதற்குள் ஒரு நரம்பியல் டாக்டரிடம் போனேன். அவர் ஸ்கேன் படத்தை முதலில் பார்க்கவே இல்லை. நாக்கை நீட்டாமல் வாய்க்குள்ளேயே தளர்வாக வைக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தார். கால் தசைகளைப் பார்த்தார். நாக்கு துடிக்கிறதா, மற்ற இடங்களில் தசை மெலிந்திருக்கிறதா என்று தேடுகிறாராம். கூகுள் கிளப்பின பயத்துக்குப் பதில் அங்கேயே கிடைத்தது. துடிப்பு மட்டும் தனியாக, பழைய சி7 தசையில் மட்டும் இருப்பதும், பலம் ஏறிக்கொண்டே இருப்பதும் அந்த நோயின் போக்கு இல்லை என்றார்.

அப்புறம் பஞ்சை எடுத்து மோதிர விரலில் தடவினார். சுண்டுவிரல் பக்கத்துப் பாதி மரத்திருந்தது, நடுவிரல் பக்கத்துப் பாதி நல்லா உணர்ந்தது. ஒரே விரல், நடுவில் கோடு போட்ட மாதிரி! முன்கையின் உள்பக்கம் தடவினார், அங்கே மரமரப்பே இல்லை. மரமரப்பு மணிக்கட்டோடு நின்றுவிட்டது. வேரில் அழுத்தம் இருந்தால் பொதுவாக இப்படி விரலைப் பாதியாகப் பங்கு போடாது, முன்கையையும் விட்டு வைக்காது. கடைசியாக முழங்கையின் உள்பக்கக் குழியில் விரலால் தட்டினார். சுண்டுவிரல் வரைக்கும் சுர்ரென்று ஷாக். கதவில் முழங்கை இடித்துக்கொண்டால் கரண்ட் அடிக்குமே, அதே நரம்புதான். அல்நார் நரம்பு. அது முழங்கையில் தோலுக்கு நேர் அடியில், எலும்பை ஒட்டிப் போகிறது.

டெஸ்ட் ரெண்டு பகுதி. முதலில் நரம்பின் மேல் சின்னச் சின்ன ஷாக் கொடுத்து, சிக்னல் எவ்வளவு வேகமாகப் போகிறது என்று அளக்கிறார்கள். என் முன்கையில் நொடிக்கு 58 மீட்டர். அதே நரம்பு முழங்கையைத் தாண்டுகிற இடத்தில் 39. பைபாஸில் நல்லாப் போன பஸ் கோயம்பேட்டில் மாட்டின மாதிரி. ரெண்டாவது, தசைக்குள் மெல்லிய ஊசி. அது நல்லா வலிக்கும், பொய் சொல்லி என்ன ஆகப் போகிறது. மிஷினிலிருந்து சத்தம் வரும். சப்ளை போன தசை நார்கள் தகரக் கூரையில் தூறல் விழுகிற மாதிரி சத்தம் கொடுக்கும். டிரைசெப்ஸில் அந்தத் தூறல் கொஞ்சம்தான் கேட்டது. அதைவிட, தத்தெடுப்பு நடந்ததற்கான பெரிய பெரிய அலைகள் திரையில் வந்தன. அதாவது சி7 தேறிக்கொண்டிருந்தது.

ஆனால் முடிவைச் சொன்னது கட்டைவிரல். கட்டைவிரல் அடியில் இருக்கிற தசைக்கும் சப்ளை முக்கியமாக சி8, அதன் கீழே இருக்கிற வேர் வழியாகத்தான் வருகிறது, ஆனால் வேறு நரம்பில் ஏறி வருகிறது. அந்தத் தசை சுத்தமாக நார்மல். தெருவில் டிரான்ஸ்ஃபார்மர் போனால் எல்லார் வீடும் இருட்டாகும். நம்ம வீடு மட்டும் இருட்டு என்றால் நம்ம ஃபியூஸைத்தானே முதலில் பார்ப்போம்? கழுத்தில் சி8 போயிருந்தால் கட்டைவிரல் தசையும் அடி வாங்கியிருக்க வேண்டும். வாங்கவில்லை. அப்போ பிரச்சினை முழங்கையில். எம்.ஆர்.ஐ.யில் தெரிந்த அந்தப் பிதுக்கம் அங்கே சும்மா இருந்தது. ஒரு தொந்தரவும் இல்லாத ஆட்களைப் படம் எடுத்தாலும் அந்த மாதிரிப் பிதுக்கம் நிறையத் தெரியும் என்றார் டாக்டர்.

முழங்கைக்கு எப்படி வந்தது? காலர் போட்ட கழுத்தைக் குனியக் கூடாது. அதனால் ஆறு வாரமாக போனை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, முழங்கையை மடக்கி, நாற்காலிக் கைப்பிடியில் ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தூங்குவதும் கையை மடக்கித்தான். மடக்க மடக்க அந்த நரம்பு இழுபடும், ஊன்றினால் நசுங்கும். டிஸ்சார்ஜ் சீட்டில் வெயிட் தூக்காதே, வண்டி ஓட்டாதே, குனியாதே எல்லாம் இருந்தது. முழங்கை பற்றி ஒரு வரி இல்லை. கழுத்தைக் காப்பாற்றச் சொன்ன அதே ஏற்பாடு முழங்கையை நசுக்கும் என்பது ஒரு வரியில் எழுதக்கூடிய விஷயம்தானே.

இதையொட்டி ஒரு பழைய வாதமும் இருக்கிறது. 1973இல் லான்செட் இதழில் அப்டன், மெக்கோமஸ் என்ற ரெண்டு பேர் எழுதினார்கள்: கழுத்தில் அழுத்தம் வாங்கின நரம்பு, கீழே இன்னொரு இடத்தில் லேசாக நசுங்கினாலே சுலபமாகப் பாதிக்கப்படும் என்று. இரட்டை நசுக்கல் என்று வைத்துக்கொள்ளலாம். இன்றைக்கும் அதில் சண்டை ஓயவில்லை. என் கேஸுக்கு அது ஒட்டாது, ஏனென்றால் சி7 வழியாக வருகிற இழைகளின் வேலை நடுவிரல் பக்கம், சுண்டுவிரல் இல்லை. எனக்கு நடந்தது ரெண்டு தனித்தனி விஷயம், ஒரே கையில்.

வைத்தியம் என்ன தெரியுமா? டர்க்கி டவல். ராத்திரி முழங்கையைச் சுற்றித் தளர்வாகச் சுருட்டி டேப் ஒட்டிவிட்டால் கை முழுசாக மடங்காது. பகலில் கைப்பிடியில் ஊன்றக் கூடாது, போனுக்கு ஸ்டாண்ட், பேச இயர்போன். விரல் பலம் குறைந்து, கையில் தசை குழி விழ ஆரம்பித்திருந்தால் முழங்கையில் ஆபரேஷன் தேவைப்பட்டிருக்கும். எனக்கு அந்தளவு இல்லை.

துடிப்புக்கு ஒரு மருந்தும் தரவில்லை. அதுவரைக்கும் ஒரு நாளைக்கு எத்தனை தடவை துடிக்குதுன்னு போனில் எழுதி வைத்துக்கொண்டிருந்தேன். ஃபிசியோ அக்கா அதைப் பார்த்துவிட்டு, "இதை நிறுத்தும்மா. உடம்பு எடை பார்க்கிற மிஷின் வீட்டுல இருக்கா?" என்றார். மேஜை மேல் அதை வைத்து, உட்கார்ந்தபடி உள்ளங்கையால் கீழே அமுக்க வேண்டும். ஞாயிறு ஞாயிறு மட்டும். முதல் ஞாயிறு வலது கை 19 கிலோ, இடது 8. அடுத்த மாதம் 10. அப்புறம் 13. துடிப்பு அதே மாதிரிதான் இருந்தது, நம்பர் ஏறிக்கொண்டே போனது. அந்த நம்பர் இறங்கினால்தான் போன் பண்ணச் சொல்லியிருந்தார்.

இன்னும் ரெண்டு விஷயம். நாம நரம்புன்னு ஒரே வார்த்தையை எதற்கெல்லாம் சொல்கிறோம் பாருங்கள். கையில் பச்சையாகத் தெரிகிற ரத்தக் குழாய் நரம்பு, சுளுக்கினால் நரம்பு, தசைநாணும் நரம்பு. அதனால் துடிக்குதுன்னு சொன்னால் உடனே "நரம்புத் தளர்ச்சி, சத்து ஊசி போடு" என்பார்கள். பி12 குறைவு இருந்தால் ஊசி உதவும், டெஸ்ட் பண்ணிப் போடலாம். ஆனால் பி6 அதிகமாக இருக்கிற மாத்திரையை மாதக்கணக்கில் தானாகவே வாங்கிச் சாப்பிட்டால் அதுவே நரம்பைக் கெடுக்கும். அடுத்து சுளுக்கு. என் சித்தப்பா சுளுக்கு எடுக்கிறவரிடம் போக ஆட்டோவே சொல்லிவிட்டார். எலும்பு இன்னும் சேராத கழுத்தைத் திருப்பிச் சொடக்கு எடுக்கிறது விளையாட்டு இல்லை. சலூனில் முடி வெட்டினதும் கழுத்தைத் திருப்புவார்களே, ஆபரேஷன் ஆன ஆள் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததும் முதலில் அதை வேண்டாம்னு சொல்லிடணும்.

அவசரமாக ஓட வேண்டிய விஷயங்கள் வேறு. ஆபரேஷன் முடிந்த சில நாளில் கழுத்து வீங்கி மூச்சு முட்டினால் அந்த நிமிஷமே கிளம்பணும். அதேபோல தோளையோ கையையோ தூக்க முடியாமல் போவது, சட்டைப் பட்டன் போட ரெண்டு கையும் தடுமாறுவது, நடை தள்ளாடுவது, சிறுநீர் கட்டுப்பாடு போவது. இதெல்லாம் காலை வரைக்கும் பார்க்கலாம் என்கிற ரகம் கிடையாது. அங்கே தண்டுவடமே அழுத்தத்தில் இருக்கலாம்.

இப்போ பதினாலு மாதம் ஆகிறது. போன ஞாயிறு இடது கை 17 கிலோ. முழங்கையில் வேகம் 51க்கு வந்திருக்கிறது. டவல் கட்டுவதை நிறுத்தி மூணு மாதமாச்சு. சுண்டுவிரல் நுனி மட்டும் ஏ.சி. ரூமில் கொஞ்சம் மந்தமாக இருக்கும். துடிப்பு முழுசாகப் போகவில்லை, ரிலீஸ் வேலையில் ராத்திரி முழிக்கிற வாரங்களில் வரும். அப்பா எஃப்.டி.யை உடைக்கவில்லை.