உங்கை மழையோ?



மனிதர் ஒருவரோடொருவர் பேசும்போது பொருள் எவ்வாறு பிறக்கிறது? இந்த வினாவுக்கு இருபதாம் நூற்றாண்டின் மேனாட்டுச் சிந்தனை தேடிய விடைகளிலே முக்கியமானவை இரண்டு. ஒன்று குறியியல், மற்றது தோற்றப்பாட்டியல். பெயர்களைக் கேட்டவுடனே வானொலியை நிறுத்திவிட வேண்டாம். புளியங்கூடலிலே ஒரு கிணற்றடியில் நின்றுகொண்டே இரண்டையும் விளங்கிக்கொள்ளலாம்.

கிணற்றடியில் மூன்று வாளிகள். ஒரு பெண் அயல்வீட்டுக்காரியிடம் சொல்கிறாள்: "இது என்ரை வாளி, மாமி. உது உங்கடை. அது ஆற்றையோ தெரியாது." அவள் கையருகே இருப்பது இது, மாமியின் காலடியில் இருப்பது உது, இருவருக்கும் எட்டத்தில் கிடப்பது அது. அ, இ, உ ஆகிய மூன்றையுமே தொல்காப்பியம் சுட்டாகக் கொண்டது. உகரச்சுட்டு இன்று வழக்கில் இல்லை என்று தமிழகத்துப் பாடநூல் கற்பிக்கிறது. யாழ்ப்பாணத்திலும் தீவுகளிலுமோ அது உது, உவன், உந்த, உங்கை, உப்பிடி என்று நாள்தோறும் வாயிலே புழங்குகிறது.

குறியியலார் இதை எப்படிப் பார்ப்பர்? சுவிற்சர்லாந்து மொழியியலாளர் சசூரின் விரிவுரைகள், அவர் மறைந்த பின் 1916 இல் நூலாக வெளிவந்தன. ஒரு சொல்லுக்குத் தனியே மதிப்பில்லை, அயலில் நிற்கும் சொற்களோடு அது கொண்டுள்ள வேறுபாடே அதன் மதிப்பு என்பது அவர் கொள்கை. செம்மறியாட்டுக்கும் அதன் இறைச்சிக்கும் பிரெஞ்சு மொழியில் ஒரே சொல்; ஆங்கிலத்தில் இரண்டு. ஆதலால் பிரெஞ்சுச் சொல்லும் ஆங்கிலச் சொல்லும் ஒரே ஆட்டைக் குறித்தாலும் ஒரே மதிப்புடையன அல்ல என்றார். அவ்வாறே சென்னையில் ஒருவர் சொல்லும் "அது"வும் புளியங்கூடலில் ஒருவர் சொல்லும் "அது"வும் ஒன்றல்ல. முன்னது இருவரில் ஒருவர்; பின்னது மூவரில் ஒருவர்.

இந்தக் கணக்குச் சரியானதே. எனினும் அந்தப் பெண் எங்கே நிற்கிறாள், மாமி எங்கே நிற்கிறா என்பது தெரியாமல், எந்த வாளி உது என்று எந்த அகராதியும் சொல்லித்தர முடியாது. தோற்றப்பாட்டியல் புகும் இடம் இதுவே. அதன் முதல்வரான ஹுஸ்ஸெர்ல் 1900, 1901 ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட தருக்க ஆய்வு நூலிலே, நான், இங்கே, இது போன்ற சொற்களைத் தனியே பிரித்தெடுத்தார். யார், எப்போது பேசுகிறார் என்பதைக் கொண்டே இவற்றின் பொருள் நிரம்புகிறது. "இங்கே" என்பதன் தொடக்கப் புள்ளி என் உடம்பு. 1929 இல் பாரிசில் ஆற்றிய உரைகளை விரித்தெழுதிய நூலில் அவர் மேலும் ஒரு படி சென்றார்: எனக்கு "அங்கே" ஆக இருக்கும் இடம், அங்கு நிற்கும் மற்றவருக்கு "இங்கே" என்பதை உணர்வதிலேதான் அவர் எனக்கு இன்னொரு மனிதராகிறார்.

தத்துவஞானி பெரும்பாடுபட்டு வந்துசேர்ந்த இந்த இடத்துக்கு எங்கள் கிணற்றடிப் பெண் ஒரு குற்றெழுத்தால் வந்துவிடுகிறாள். உது என்று சொல்லும்போது அவள் தன் வாயால் பேசி, மாமியின் காலடியிலிருந்து அளக்கிறாள். கேட்பவர் நிற்கும் இடம் சொல்லுக்குள்ளேயே அமைந்துவிடுகிறது.

இது தமிழுக்கு மட்டும் வாய்த்ததன்று. ஜப்பானிய மொழியில் "சோரே" கேட்பவர் அருகிலுள்ளதைச் சுட்டும். அவ்வளவு தூரம் போவானேன்? சிங்களத்தில் "மே" என்பது பேசுபவர் பக்கம், "ஒய" என்பது கேட்பவர் பக்கம். இரண்டு மொழிக்காரரும் ஒரே தீவில் இருந்துகொண்டு இதைக் கவனியாமலே இருந்துவிட்டோம்.

உகரம் சுட்டுவது பொருட்களை மட்டுமா? "உந்தக் கதையை விடுங்கோ", "உதெல்லாம் சரிவராது" என்கிறோமே, அங்கே சுட்டப்படுவது எது? கேட்பவர் சற்று முன் சொன்ன பேச்சு. வாயைவிட்டு வெளியேறிய பின்னும் அது அவர் பக்கத்திலேயே, அவருடைய வாளிபோல் கிடக்கிறது. "உவருக்கு என்ன தெரியும்" என்னும்போது சிறிது இளக்காரமும் ஏறிவிடுவதுண்டு. இடத்தைக் காட்ட வந்த எழுத்து, மனம் நிற்கும் தூரத்தையும் காட்டத் தொடங்கிவிடுகிறது.

இத்தகைய சொல்லைத்தான் நம் ஆசிரியர் சிலர் மாணவர் கட்டுரையிலே கண்டதும், கொச்சை என்று சிவப்பு மையால் சுழிக்கின்றனர். தொல்காப்பியம் அறிந்த சுட்டைத் தமிழாசிரியரே கொச்சை என்பது விந்தைதான். கட்டுரைக்குப் பொதுத்தமிழ் வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால், உது எழுதிய பிள்ளையிடம் தவறு என்று சொல்வது வேறு. இது நம் பேச்சுக்குரியது, தமிழகத்து வாசகர் அறியார் என்று சொல்வது வேறு. முதலாவதைக் கேட்ட பிள்ளை நாளடைவில் வீட்டிலும் அதைச் சொல்லக் கூசும்.

1990களின் தொடக்கத்தில் தீவுப்பகுதியிலிருந்து பெருந்தொகையானோர் இடம்பெயர்ந்தனர். பலர் கடல்கடந்தும் போயினர். ரொறன்ரோவிலிருந்து ஊரிலுள்ள தாயுடன் பேசும் மகன் கேட்பான்: "அம்மா, உங்கை மழையோ?" தாய் சொல்வாள்: "இங்கை ஒரே மழை. உங்கை பனியோ?" ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாத தொலைபேசியிலேதான் இந்த உகரம் அதிகம் உழைக்கிறது. அதே மகன் அங்குள்ள நண்பரிடம் தன் ஊரை "அங்கை" என்பான். விமானமேறி வந்து முற்றத்தில் நின்றால் "இங்கை" என்பான். ஊர் ஒன்று, சுட்டு மூன்று.

தாய் மறைந்து, வீடும் பூட்டப்பட்ட பின் அவன் யாரிடம் "உங்கை" என்பான்? தொலைபேசியை எடுக்க ஒருவரும் இல்லாத ஊர், அவன் பேச்சிலே "அங்கை" மட்டுமே ஆகிறது.