மிஷினைக் கழட்டும்போது பயப்பட வேண்டாம்

(தோட்டச் சுகாதாரக் கூட்டமொன்றில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



2020, 2021ஆம் ஆண்டுகளில் கொரோனா பரவியபோது வென்டிலேட்டர் என்கிற சுவாச மிஷினின் பெயர் லயத்துப் பிள்ளைகளுக்கும் தெரிந்துவிட்டது. மிஷினில் போடுவதைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். அதிலிருந்து எடுப்பதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. வயதானவர்களுக்குப் பெரிய கஷ்டம் அங்கேதான்.

கொழுந்தெடுத்து ஓய்வுபெற்ற ஒரு அம்மா, எழுபது வயது தாண்டியவர். நியூமோனியா வந்து மூச்சு முட்டி, மிஷினில் போட்டார்கள். எட்டாம் நாள், "இனிக் கொஞ்சங் கொஞ்சமாகக் கழட்டுவோம்" என்று டொக்டர் சொன்னதும் மகள் என்னிடம் ஓடி வந்தார். "ஐயா, கழட்டினா அம்மா உசிரு போயிரும். வேணாம்னு சொல்லுங்க" என்று ஒரே அழுகை.

அவர் பயந்ததில் குற்றமில்லை. ஆனால், கைவிட்டதால் கழட்டுவதில்லை; நோய் குறைந்ததால்தான் கழட்டப் பார்க்கிறார்கள். மிஷின் நமக்காக மூச்சு விடும்போது நெஞ்சுத் தசைகள் சும்மா இருந்து பலம் குறைந்துவிடும். ஒரு மாதம் படுக்கையில் கிடந்தவர் எழுந்தவுடனே கூடையைக் கட்டிக்கொண்டு மலை ஏற முடியுமா? அதுபோலத்தான். மயக்க மருந்தைக் குறைத்து, மிஷினின் உதவியையும் குறைத்து, 30 நிமிடம் முதல் 2 மணித்தியாலம் வரை தானாகவே மூச்சு விடச் சொல்லிப் பார்ப்பார்கள். களைத்துப் போனால் திரும்ப மிஷின் உதவி கொடுத்து, பிறகு மறுபடியும் பார்ப்பார்கள். அது தோல்வி அல்ல. வயதானவர்களுக்குப் பல நாளாகலாம், சிலருக்கு வாரக் கணக்கிலும் ஆகலாம். அதிக நாளானால் தொண்டையில் சிறு துளை போட்டுக் குழாய் வைப்பதும் உண்டு.

இதில் நாம் செய்யக் கூடியது என்ன?

முதலாவது, நம்முடைய குரல். வாயில் குழாய் இருப்பதால் அவர்களால் பேச முடியாது. ஆனால் காது கேட்கும். வயதானவர்களுக்கு அங்கே இரவு பகல் தெரியாமல் புத்தி தடுமாறும். குழாயைப் பிடுங்கப் பார்ப்பார்கள். கையைப் பிடித்து, "அம்மா, இது ஆஸ்பத்திரி, இன்னைக்குச் செவ்வாய்க்கிழமை, நான்தான் வந்திருக்கேன்" என்று சொல்லுங்கள். பக்கத்தில் நின்று அழாதீர்கள்.

இரண்டாவது, பாஷை. நம்முடைய பெரியவர்கள் பலருக்குச் சிங்களம் விளங்காது. "மூச்சை நல்லா இழுங்க", "இருமுங்க", "வலிக்குதா" என்ற சொற்களை நர்ஸ்மாருக்குச் சொல்லிக் கொடுங்கள். ஆமென்றால் ஒரு தடவை, இல்லையென்றால் இரண்டு தடவை கையை அமுக்கும்படி நோயாளிக்கும் பழக்குங்கள்.

மூன்றாவது, கண்ணாடி, காது மிஷின் இருந்தால் வீட்டிலே வைத்துவிடாமல் கொண்டுபோய்க் கொடுங்கள்.

நான்காவது, குழாயை எடுத்த பிறகு கேட்காமல் ஒன்றும் வாயில் கொடுக்க வேண்டாம். குழாய் இருந்த தொண்டை உடனே சரியாக விழுங்காது. குடித்தது மூச்சுக் குழாய்க்குள் போய்விடும்.

அந்த அம்மாவுக்கு நடந்தது அதுதான். மூன்றாவது முயற்சியில் மிஷினை விட்டு வந்தார். "தேத்தண்ணி" என்று கேட்டார். மகள் பாசத்தில் ஒரு கோப்பை கொடுத்துவிட்டார். புரையேறி, நெஞ்சில் சளி கட்டி, மறுபடியும் ஆறு நாள் மிஷினில் கிடந்தார். ஆண்டவன் புண்ணியம், பிழைத்து வந்துவிட்டார். மகள் இன்றைக்கும் அதைச் சொல்லி அழுகிறார். முன்கூட்டியே அவருக்கு யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அதனால்தான் இன்று உங்களிடம் சொல்கிறேன்.

எல்லோரும் மீண்டு வருவார்கள் என்று நான் சொல்லமாட்டேன். நிலைமை என்ன என்று டொக்டரிடம் தைரியமாகக் கேளுங்கள். பாஷை தெரியாவிட்டால் தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போங்கள். என்னைக் கூப்பிட்டாலும் வருவேன். வீட்டுக்கு வந்த பிறகு அவர்களைப் படுக்கவே விடாமல், உட்கார வைத்து, தினமும் கொஞ்சம் நடக்க வையுங்கள். அடுப்புப் புகையும் பீடியும் பக்கத்தில் வேண்டாம்.

நம்மைத் தூக்கி வளர்த்தவர்கள். அவர்கள் மெதுவாக மூச்சு விடப் பழகும்போது நாமும் அவசரப்படாமல் பக்கத்தில் இருப்போம்.